கொக்கல விமானத் தளம்: ஓடுபாதையை விடுங்கள், களப்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான். காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் கொக்கலயில் ஒரு போர்க்கால விமானத் தளம் இருந்தது, இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்து எங்கும் இறங்காமல் அவுஸ்திரேலியாவரை பறந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கிற ஓடுபாதை சின்ன விமானங்கள் ஏறி இறங்கத்தான் காணும். அப்படியென்றால் இது உண்மையா, ஊர்க்கதையா?

உண்மைதான். சந்தேகம் வந்ததும் நியாயம்தான், ஏனென்றால் நீங்கள் பார்த்தது தளத்தின் முக்கியமான பகுதியே அல்ல. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய களப்பு கிடக்கிறதே, இன்றைக்கு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகுகள் கறுவாத் தீவுக்குப் போய்வருகின்றனவே, அதுதான் தளம். ஏறியதும் இறங்கியதும் தண்ணீரில்தான்.

அந்தக் காலத்தில் பறக்கும் படகு என்று ஒரு வகை விமானம் இருந்தது. அடிப்பாகம் படகு மாதிரியே இருக்கும், சக்கரம் கிடையாது. கொக்கலயில் அதிகம் நின்றது அமெரிக்கத் தயாரிப்பான கட்டலினா. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 104 அடி, இரண்டு இயந்திரங்கள், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். வேகத்தைப் பார்த்தால் ஆமைதான். ஆனால் ஒரு முழு நாளே வானத்தில் நிற்கும். பரந்த சமுத்திரத்தில் எதிரிக் கப்பலைத் தேட வேகத்தைவிட அந்தப் பொறுமைதான் வேண்டும்.

இப்படிப்பட்ட விமானத்துக்கு அலையில்லாத, போதிய நீளமுள்ள நீர்ப்பரப்பு வேண்டும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தென்கரையில் கடல் எப்படி இருக்கும் என்று கண்டவர்களுக்குத் தெரியும், அதில் எந்த விமானத்தையும் இறக்க முடியாது. கொக்கல களப்போ சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நிலப்பட்டை. கடல் கொந்தளித்தாலும் உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். இன்னொன்று, வரைபடத்தில் கொக்கலயில் விரலை வைத்து நேரே தெற்கே இழுத்துப் பாருங்கள், அந்தாட்டிக்காவரை ஒரு துண்டு நிலமும் தட்டுப்படாது. இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்க இதைவிட நல்ல திண்ணை கிடைக்காது.

தண்ணீர் தளத்துக்கென்று தனி வேலைகள் இருந்தன. விமானங்கள் மிதவைகளில் கட்டப்பட்டுத் தண்ணீரிலேயே நிற்கும். பழுது பார்க்க வேண்டுமென்றால் ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தற்காலிகச் சக்கரங்களைப் பொருத்தி, சாய்தளம் வழியே கரைக்கு இழுப்பார்கள். இரவில் இறங்குவதற்கு விளக்கேற்றிய படகுகளை வரிசையாக நிறுத்துவார்கள். வேடிக்கை என்னவென்றால் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் விமானம் எழும்பாது. அடிப்பாகம் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒரு மோட்டார்ப் படகை குறுக்கும் மறுக்குமாக ஓடவிட்டு சிற்றலை எழுப்புவார்கள்.

சரி, இந்த இடத்துக்கு ஏன் திடீரென்று அவ்வளவு மதிப்பு வந்தது? 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 இல் ரங்கூன். அதே மாதம் 23 ஆம் தேதி அந்தமான் தீவுகள். சிங்கப்பூரில்தான் பிரித்தானியாவின் பெரிய பறக்கும் படகுத் தளம் இருந்தது, அது போயிற்று. வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் பெரும்பகுதி ஜப்பான் கையில். இலங்கை ஒரே மாதத்தில் பின்வாசலிலிருந்து முன்வாசலாகிவிட்டது. திருகோணமலையில் சீனன்குடா, தெற்கில் கொக்கல என்று இரண்டு இடங்களை நம்பித்தான் கடல் கண்காணிப்பு நடக்க வேண்டியிருந்தது. வடக்கே பலாலி விமானத் தளமும் இதே போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்ததுதான்.

இதற்கு விலை கொடுத்தது கொக்கல கிராமம். தளத்துக்காக ஊர் மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் இது. அவர் பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது, இன்று அது நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. 1944 இல் வெளிவந்த அவருடைய மிகப் பெயர்பெற்ற நாவல் இந்தத் தென்கரைக் கிராம வாழ்க்கை மெல்லக் கரைவதைத்தான் சொல்கிறது. நாவல் அச்சாகும்போது நிஜக் கிராமத்தின் மேல் இராணுவ முகாம் நின்றது. தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் விமானிகளின் சாகசத்தைச் சொல்லிவிட்டு இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உள்ள குறை.

இனி சாகசம். 1942 மார்ச் இறுதியில் கனடிய விமானப்படையின் 413 ஆவது படையணி கொக்கலக்கு வந்தது. அதுவரை அவர்கள் இருந்தது ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில். குளிரிலும் மூடுபனியிலும் பறந்தவர்கள் தென்னை மரங்களுக்கு நடுவே வந்து இறங்கினார்கள். அந்த அணியின் லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 2 இல் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 4 விடியுமுன்னே கட்டலினாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பேர்.

பகல் முழுக்கத் தேடி ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும் நேரம் நெருங்கிய பிறகும், நிலவை வைத்து இருப்பிடத்தைச் சரிபார்க்கலாமென்று இன்னும் ஒரு சுற்றுப் போனார்கள். பிற்பகல் நான்கு மணியளவில், இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தொலைவில், தொடுவானத்தில் ஏதோ புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு பெரும் போர்க்கப்பல்கள், சுற்றிலும் துணைக்கப்பல்கள். நான்கு மாதம் முன்பு பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே படைதான்.

ஓடித் தப்பவும் வேகமில்லை, ஒளியவும் மேகமில்லை. இயந்திரங்களை உச்சத்தில் வைத்துக்கொண்டு, கப்பல்களின் எண்ணிக்கை, திசை, வேகம் எல்லாவற்றையும் வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். விதிப்படி செய்தியை மூன்று தடவை அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவை போய்க்கொண்டிருக்கும்போதே ஜீரோ ரகச் சண்டை விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியை நொறுக்கிவிட்டன. விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது. செய்தி அனுப்பினீர்களா என்று அடித்துக் கேட்டார்கள், இல்லையென்றே சாதித்தார்கள். அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து "செய்தியைத் திரும்ப அனுப்பு" என்று வானொலியில் கேட்க, குட்டு வெளிப்பட்டது. பேர்ச்சல் பின்னாளில் சொன்ன விவரம் இது. அவர் போர் முடியும்வரை ஜப்பானில் போர்க்கைதியாக இருந்தார், முகாமில் சக கைதிகளுக்காக நின்றதற்கும் விருது பெற்றார். 2004 இல், 89 வயதில் காலமானார்.

அவருக்கு "இலங்கையின் இரட்சகர்" என்று ஒரு பட்டம் உண்டு. சர்ச்சில் சொன்னதாக ஒரு பேச்சும் கூடவே வரும். என் கருத்தில் பட்டம் கொஞ்சம் பெரிது. ஜப்பான் அந்த ஏப்ரலில் இலங்கையைப் பிடிக்க வரவில்லை, பிரித்தானியக் கடற்படையை அடித்து நொறுக்கிவிட்டுப் போக வந்தது. தாக்குதல் வரப்போகிறது என்பது சங்கேதச் செய்திகளைப் படித்தவர்களுக்கு முன்பே தெரியும். ஏப்ரல் 1 வாக்கில் வரும் என்று எதிர்பார்த்து பிரித்தானியக் கடற்படையின் அட்மிரல் சொமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்துக்கிடந்தார். வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைய, மாலைதீவின் அட்டுவில் இருந்த இரகசியத் துறைக்குத் திரும்பினார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த நாளில்தான் பேர்ச்சலின் செய்தி வருகிறது. இனித் திரும்பினாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

அதற்காக அந்தச் செய்தி வீண் என்று சொல்லவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பல இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கும் அதிகமான விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தபோது, அவர்கள் தேடி வந்த பெரிய இரை அங்கே இல்லை. ஆனால் முந்தின நாளே எச்சரிக்கை வந்திருந்தும் கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானத் தளத்தில் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே அகப்பட்டுக்கொண்டன. குண்டு விழ விழத்தான் விமானிகள் ஓடிப்போய் ஏறினார்கள். மாறாக, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமானத் திடலாக்கி வைத்திருந்தது ஜப்பானியர்களுக்குத் தெரியாததால் அங்கிருந்தவை தாக்கப்படாமல் எழும்பின. அன்று பிற்பகலே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன, 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, அது இன்னும் அங்கேதான் கடலடியில் கிடக்கிறது. அன்று 413 இன் இன்னொரு கட்டலினா நகுமோவின் படையை மறுபடி கண்டுபிடித்துச் செய்தி அனுப்பியது. அதில் போன ஒருவரும் திரும்பவில்லை. பேர்ச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நகுமோ திரும்ப இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு மாதத்தில் பசுபிக் சமுத்திரத்தில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே சண்டையில் அவருடைய நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின, அவற்றில் மூன்று இலங்கைக்கு வந்தவை. அதற்குப் பிறகு கொக்கலயின் வேலை சலிப்பான வேலை. நீர்மூழ்கிகளைத் தேடுவது, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போவது, கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிப்பவர்களைக் கண்டுபிடிப்பது. 413 ஐத் தவிர பிரித்தானியாவின் 205 ஆவது படையணியும் இங்கே இருந்தது, பிறகு நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய சண்டர்லண்ட் பறக்கும் படகுகளும் வந்தன. நாளுக்கு நாள் வெறும் கடலைப் பார்த்துவிட்டு வருவதுதான் கண்காணிப்பு விமானியின் வாழ்க்கை. 1945 தொடக்கத்தில் கனடியர்கள் திரும்பிப் போனார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட அவுஸ்திரேலியா விஷயம். போருக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விமானத் தபால் சிங்கப்பூர், ஜாவா வழியாகத்தான் போனது. 1942 இல் அந்தச் சங்கிலி அறுந்தது. அரச ஆவணங்கள், இராணுவத் தபால், அவசரமாகப் போக வேண்டிய அதிகாரிகள் எல்லாவற்றுக்கும் வேறு வழி வேண்டும். ஜப்பான் வசமிருந்த தீவுகளைச் சுற்றிக்கொண்டு, இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுவது ஒன்றுதான் மிச்சம். மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கல களப்புக்குச் சுமார் 5,650 கிலோமீட்டர்.

இதைச் செய்தது அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம், 1943 நடுப்பகுதியிலிருந்து. ஐந்து கட்டலினாக்கள். அவற்றிலிருந்து கவசத் தகடு உட்படத் தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே மேலதிக எரிபொருள் தாங்கிகளை வைத்தார்கள். சுமார் 9,000 லீட்டர் எரிபொருள். அத்தனையையும் சுமந்துகொண்டு மீதியிருந்த இடத்தில் மூன்று பயணிகளும் சுமார் 70 கிலோ தபாலும்தான். கிளம்பிய முதல் பல மணி நேரத்துக்கு விமானம் அவ்வளவு பாரமாக இருக்கும், ஓர் இயந்திரம் நின்றால் மற்றொன்றால் தாங்க முடியாது. எரிபொருள் எரிந்து குறையக் குறையத்தான் உயிருக்கு உத்தரவாதம் கூடும்.

வானொலியும் பேசக்கூடாது, ஜப்பானியர் கேட்டுவிடுவார்கள். அப்படியானால் திசையை எப்படி அறிவது? விண்மீன்களை வைத்துத்தான். ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே வைத்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. நம் கணக்கில் சொன்னால் அல்டேர் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை, வேகா அபிஜித். ரைஜல் மட்டும் நம் நட்சத்திர வரிசைக்குள் வராது, ஒரையன் கூட்டத்தில் நீலமாக மின்னுமே அது. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிற நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அவர்கள் கொக்கலக்கு வழி கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பிரமிப்பும் வரும்.

ஜப்பானிய ரோந்து விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்ட வேண்டும் என்று நேரம் குறித்துக் கிளம்புவார்கள். சராசரிப் பயணம் 28 மணி நேரம், மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். அதனால் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதயத்தின் இரகசிய அணி" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இயந்திர இரைச்சலிலும் குளிரிலும் ஒரு நாளுக்கு மேல் குந்தியிருந்தவர்களுக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் சொகுசு. கொக்கலயில் இறங்கியவர்களும் தபாலும் கராச்சி வழியாக லண்டன் போக வேண்டும்.

1945 ஜூலைவரை 271 பயணங்கள். ஒரு விமானமும் தொலையவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. பேர்ச்சலின் கதையைவிட இதுதான் கொக்கலயின் பெரிய சாதனை என்பேன். ஆனால் சண்டை இல்லாத கதையை யார் கேட்கிறார்கள்? 1944 இல் சக்கரம் வைத்த லிபரேட்டர் விமானங்களும் இதே சமுத்திரத்தைத் தாண்டி இரத்மலானைக்கு ஓடத் தொடங்கின, அதிக சுமையோடும் அதிக வேகத்தோடும். அந்தச் சேவைக்குத்தான் குவாண்டாஸ் முதன்முதலில் கங்காரு அடையாளத்தைப் போட்டது. கட்டலினாக்களின் முடிவு பரிதாபம். அவை அமெரிக்காவிடம் கடன் உடன்படிக்கையில் பெற்றவை, போர் முடிந்ததும் அந்த உடன்படிக்கையின் நிபந்தனைப்படி அவற்றை அவுஸ்திரேலியக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

கொக்கலயின் முக்கியத்துவமும் அதோடு தேயத் தொடங்கியது. போர் உலகமெங்கும் கொங்கிரீட் ஓடுபாதைகளை விட்டுச் சென்றிருந்தது. ஓடுபாதை கைவசம் இருக்கும்போது களப்பையும் மிதவையையும் கட்டிக்கொண்டு அழுவார் யார்? 205 ஆவது படையணி சண்டர்லண்ட்களோடு 1949 இல் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. 1957 இல் திருகோணமலை, கட்டுநாயக்க தளங்களைப் பிரித்தானியா இலங்கையிடம் ஒப்படைத்ததுதான் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிறது. கொக்கலயிலிருந்து பறக்கும் படகுகள் அதற்கு எட்டு வருடம் முன்பே சத்தமில்லாமல் போய்விட்டன.

ஓடுபாதையும் அதையொட்டிய இடமும் பின்னர் இலங்கை விமானப்படையிடம் வந்தது. சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரும் சிறு விமானங்களும் அங்கே வந்துபோவதுண்டு. 1991 இல் கட்டுநாயக்க, பியகமவுக்குப் பிறகு மூன்றாவது சுதந்திர வர்த்தக வலயம் கொக்கலயில் தொடங்கப்பட்டது. காலையில் பஸ்ஸில் போனால் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போவதைப் பார்க்கலாம். பழைய கிராமம் பழைய கிராமமாகத் திரும்பவேயில்லை.

இந்தக் கரையில் கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்களே, அதுவும் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில் தொடங்கியது என்று சொல்வார்கள், விழுந்த விமானங்களின் சிதைவுகள் மேல் முதலில் ஏறி உட்கார்ந்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, விமானச் சிதைவுப் பகுதியை மட்டும் நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் கேட்பேன்.

போய்ப் பார்க்க விரும்பினால் ஓடுபாதையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் விக்கிரமசிங்க அருங்காட்சியகத்துக்குப் போங்கள், தளம் வருமுன் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் பிடிபடும். அப்புறம் ஒரு படகு பிடித்துக் களப்பின் நடுவுக்குப் போய், அங்கிருந்து கரையைப் பாருங்கள். 16 தொன் எடையோடு கட்டலினா ஓடி எழும்ப எவ்வளவு தூரம் வேண்டியிருக்கும் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும். கனடாவின் 413 ஆவது படையணி இன்றும் இருக்கிறது, நோவா ஸ்கோஷியாவில் தேடல், மீட்பு வேலை செய்கிறது. அதன் சின்னத்தில் இருப்பது யானைத் தலை. பனிக்கரடி உள்ள நாட்டுக்கு யானை எங்கிருந்து வந்தது என்று அங்கே யாராவது கேட்டால், பதில் இந்தக் களப்புதான்.